பாதியில் குழம்பிய ஆட்டம்

ஹோர்சன்ஸ்
24.08.2025

துஷாரா,

உறையின் பின்பக்கத்தில் என் பெயரைக் கண்டதும் நீ இதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். போடாமல் வாசிக்கிறாய் என்றால் இன்னும் ஒரு பக்கம் பொறுத்துக்கொள். தொலைபேசியில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். மின்னஞ்சல் போகிறதில்லை. மிஞ்சியது தபால்தான். எங்கள் தெருமுனையில் நின்ற சிவப்புப் பெட்டியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இதைக் கடையில் கொடுத்துத்தான் அனுப்பவேண்டும். முதலில் டேனிஷில் எழுதிப் பார்த்தேன். நகரசபைக்குப் போடும் விண்ணப்பம் மாதிரி இருந்தது.

உன் தம்பி கிருஷாந்தைக் கண்டேன். போன புதன்கிழமை, ஹோர்சன்ஸ் ஸ்டேசனில். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தாடி வைத்திருக்கிறான். இங்கே ஒரு பண்டகசாலையில் லொறி ஏற்றும் வேலையாம். பக்கத்தில் மனைவி நிலுஷா, குழந்தை வண்டி. குழந்தைக்கு எட்டு மாதம்.

"சாரங்கி அக்கா, இப்பவும் டைஸ் உருட்டிறியளோ?" என்று கேட்டான். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் கேள்வி அது. நிலுஷா ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தாள். நாங்கள் நாலு பேரும் சில்க்போர்க்கில் எங்கள் வீட்டு நிலவறையில் சனிக்கிழமை தவறாமல் ரோலஸ்பில் விளையாடியதைச் சொன்னேன். ஒருவர் கதையை நடத்துவார். எந்த ஊர், என்ன ஆபத்து, எதிரில் யார் என்று சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லவேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். கதை நடத்தினது நான், நீயும் கிருஷாந்தும் யூட்டும் விளையாடினீர்கள் என்றேன். "பிறகு ஏன் விட்டனீங்கள்?" என்று கேட்டாள். நான் கிருஷாந்தைப் பார்த்தேன். அவன் வண்டியின் பிரேக்கைப் போட்டு, எடுத்து, போட்டுக்கொண்டு நின்றான்.

ரயில் வந்தபோது என் கையைப் பிடித்தான். "திரும்ப விளையாடுவம் அக்கா. நாலு பேரும். விட்ட இடத்திலையிருந்து."

யூட்டுடன் கதைத்தேன். அவன் இப்போது விபோர்க்கில் தச்சு வேலை செய்கிறான், உனக்குத் தெரிந்திருக்கும். தன் வீட்டில் வைக்கலாம் என்கிறான். ஒக்டோபர் 4, சனிக்கிழமை, காலை பதினொரு மணி. நீ வராவிட்டால் கிருஷாந்தும் வரமாட்டானாம்.

அன்று நடந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் அது ஒரு விளையாட்டு. உன்னை நோகடிக்கவென்று செய்யவில்லை என்பது உனக்கும் தெரியும்.

சாரங்கி


சில்க்போர்க்
09.09.2025

சாரங்கி,

கிழிக்கவில்லை. இரண்டு கிழமை சமையலறை லாச்சிக்குள் கிடந்தது. என் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்த ஒரு நிம்மதியில்தான் வைத்திருந்தேன்.

"அது ஒரு விளையாட்டு" என்று எழுதியிருக்கிறாய். எது விளையாட்டு என்று நான் சொல்கிறேன்.

2012, ஐப்பசி. ஓகூஸிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தோம், அன்றைய வகுப்பு முடிந்து. மழை. வாழ்க்கையில் ஒருவருக்கும் சொல்லாத ஒன்றை உனக்குச் சொன்னேன். கொடிகாமத்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னங்காணியில், பதுங்குகுழிக்குள், ஆமி மேலே நடந்து போகும்போது தம்பி அழுதான், சத்தம் கேட்கக்கூடாதென்று அம்மா அவன் வாயைப் பொத்தினார், கையை எடுத்தபோது அவன் நீலமாகக் கிடந்தான் என்று. அவனுக்கு இது தெரியாது, தெரியவும் கூடாது என்று சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய்.

ஆறு கிழமை கழித்து உன் மேசையில் ஒரு சுரங்கம். மேலே எதிரிப் படை. உள்ளே ஊரைவிட்டு ஓடிவந்த சனம். ஒரு குழந்தை அழத் தொடங்குகிறது. நீ எங்கள் மூன்று பேரையும் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "என்ன செய்யிறியள்?" என்று கேட்டாய்.

கிருஷாந்துக்குப் பதினேழு வயது. அவன் பாத்திரம் ஒரு கள்ளன். சிப்ஸ் தின்றுகொண்டு சிரித்தான். "பிள்ளையைத் தூக்கி வெளியிலை எறியுங்கோ, நாங்கள் போவம்" என்று பகடையை உருட்டினான். பத்தொன்பது விழுந்தது. யூட் கைதட்டினான். நீயும் சிரித்தாய். சிரிக்கவில்லை என்று சொல்லாதே. நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நான் மேசையைக் கவிழ்த்தது உனக்கு ஞாபகம் இருக்கும்.

அன்று வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் கேட்டான். "என்ரை வாயைப் பொத்தினீங்களோ?" அம்மா "ஓம்" என்றார். அந்த ஒரு சொல்தான். அதன் பிறகு அம்மாவும் விளக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அடுத்த மாதம் கொபனேகனுக்குப் போனான். அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தான். அம்மா பரிமாறின சோற்றைத் தொடவில்லை.

குழந்தை பிறந்தது எனக்குத் தெரியும். கோயிலில் புஸ்பராணி அன்ரி எல்லாருக்கும் கேட்க, "ராசமலர் அக்கா, பேத்தி பிறந்திட்டாளாம், சொல்லவேயில்லை" என்றார். அம்மா "ஓம் ஓம்" என்று சிரித்தார். காருக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகு என்னிடம் கேட்டார், "பிள்ளைக்கு என்ன பேராம்?"

எனக்கும் தெரியாது.

நான் வரமாட்டேன். உன் பகடைகளை எடுத்துக்கொண்டு வேறு யாருடனாவது விளையாடு.

துஷாரா


ஹோர்சன்ஸ்
16.09.2025

துஷா,

குழந்தையின் பெயர் சியானா. அம்மாவிடம் சொல்.

நான் சிரித்தேன். நீ எழுதியது சரி. போன கடிதத்தில் எழுதியது மன்னிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. இப்போது உள்ளதைச் சொல்கிறேன். பேருந்தில் நீ சொன்னபோது உண்மையாகவே அழுதேன். ஆனால் இரண்டு நாளில் என் மனதுக்குள் வேறு ஒன்று ஓடத் தொடங்கியது. இதை மேசையில் வைத்தால் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பார்கள் என்று நினைத்தேன். ஊரை மாற்றினேன், படையை மாற்றினேன். மாற்றியதால் அது என்னுடையதாகிவிட்டது என்று நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை. கதை நன்றாகப் போகிறது என்ற சந்தோசம், புளுகம். அதுதான் நடந்தது. இதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கிறேன்.

ஆனால் ஒன்றை நீயும் கேட்கவேண்டும். சுரங்கத்தை நான் வைத்தேன். அது அவனுடைய கதை என்று கிருஷாந்துக்கு என் வாயால் சொல்லவில்லை. மேசையைக் கவிழ்த்துவிட்டு, "அந்தப் பிள்ளை நீதான். உன்ரை வாயைத்தான் அம்மா பொத்தினவ. எல்லாரும் உன்னை வெளியிலை விடச் சொன்னவை" என்று கத்தியது நீ.

கோபிக்காதே. இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கிருஷாந்த் தனியாக என் வீட்டுக்கு வந்தான். குழந்தை அழுதால் அவனால் அறைக்குள் நிற்க முடிவதில்லையாம். பல்கனிக்குப் போய்விடுவானாம். பிள்ளையை அவனுக்குப் பிடிக்கவில்லை என்று நிலுஷா நினைத்திருக்கிறாள். இரண்டு கிழமைக்கு முன்னர் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது குழந்தை வீரிட்டு அழுதது. அவள் ஓடிவந்து பார்த்தபோது கிருஷாந்தின் கை குழந்தையின் முகத்துக்கு மேலே, தொடாமல், அப்படியே நின்றதாம். "அக்கா, நான் என்ன செய்யப் போனனெண்டு எனக்கே தெரியாது" என்றான். இப்போது குழந்தையுடன் தனியாக இருப்பதில்லை. வேலை முடிந்தும் பண்டகசாலையிலேயே சுற்றிக்கொண்டு நிற்கிறான். இப்படியே போனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விபோர்க்கில் தன் தாயிடம் போய்விடுவேன் என்று நிலுஷா சொல்லிவிட்டாள்.

"மருத்துவரிடம் கதை" என்றேன். கதைக்கிறானாம், மாதம் ஒருமுறை. "அவை டேனிஷிலை கேக்கினம், நானும் டேனிஷிலை சொல்லுறன். அது வேறை ஆருக்கோ நடந்த மாதிரிக் கிடக்கு" என்றான். அந்தக் குழிக்குள் தான் போகவேண்டும் என்கிறான். அம்மாவிடம் கேட்கத் தெரியவில்லை. மேசையில் என்றால் தெரியும், அதுதான் தனக்குப் பழக்கமான வழி என்கிறான்.

இன்னொன்றும் கேட்டான். "எல்லாரும் எண்டு அக்கா கத்தினவ. ஆர் அந்த எல்லாரும்? முதல் ஆர் சொன்னது? அம்மா சொல்லமாட்டா. அக்காவுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியாது என்றேன். நீ பேருந்தில் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வா துஷா.

சாரங்கி


சில்க்போர்க்
22.09.2025

சாரங்கி,

அவனுக்கு உதவி வேண்டும் என்றால் உதவி செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். நீ அவர்களில் ஒருத்தி இல்லை.

முதலில் யார் சொன்னது என்று அவன் உன்னிடம் கேட்பான், நீ அதை எனக்கு எழுதி அனுப்புவாய். இன்னும் கதை நடத்துகிறாய்! ஒன்பது பேர் ஒரு குழிக்குள் இருந்தார்கள். குரல் கேட்டது. யாருடைய குரல் என்று எப்படிச் சொல்வது? எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? பயத்தில் ஆயிரம் சொல்லுவார்கள். அதை இருபத்தொன்பது வருடத்துக்குப் பிறகு தோண்டி என்ன செய்யப் போகிறீர்கள்?

நீ அந்த மேசையில் இருக்கும் வரைக்கும் நான் அங்கே வரமாட்டேன். இனி எழுதாதே.

துஷாரா


ஹோர்சன்ஸ்
27.09.2025

துஷா,

இதுதான் கடைசி.

நான் விபோர்க்குக்குப் போகவில்லை. யூட்டுக்குச் சொல்லிவிட்டேன். என் பழைய குறிப்புப் புத்தகத்தை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். தேவையென்றால் அவன் நடத்தட்டும். பதின்மூன்று வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு அந்த மேசை ஞாபகம் வரும். இங்கே வேறு ஆட்களுடன் இரண்டு முறை தொடங்கிப் பார்த்தேன். ஓடவில்லை. ஆகவே சும்மா விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைக்காதே. ஆனால் அவனுக்கு வேண்டியது நான் இல்லை, நீ.

நீ எழுதிய கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எட்டு வயதுப் பிள்ளையைப் பற்றி நானும் கேட்கவில்லை, கிருஷாந்தும் கேட்கவில்லை. நீயாகத்தான் எழுதியிருக்கிறாய்.

அதற்கு மேல் நான் ஒன்றும் ஊகிக்கவில்லை. ஊகித்தாலும் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். ஒரு தடவை சொன்னது போதும்.

சனிக்கிழமை, பதினொரு மணி. யூட் மீன் ரோல்ஸ் செய்கிறானாம்.

சாரங்கி


சில்க்போர்க்
07.10.2025

சாரங்கி,

போனேன். நடந்ததை உனக்கு எழுதவேண்டியிருக்கிறது. மனுசனுக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை.

வீட்டிலிருந்து ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டேன். விபோர்க் வீதியில் இரண்டு தடவை காரைத் திருப்பினேன். யூட்டின் வாசலுக்கு வந்தபோது பன்னிரண்டாகப் போகிறது. கராஜுக்குள் மேசை போட்டிருந்தான், தானே செய்த மேசை. யூட்டுக்குத் தலை நரைத்துவிட்டது. கிருஷாந்த் எழும்பி, "அக்கா" என்றான். மெலிந்துபோனான். நிலுஷா அவனை இறக்கிவிட்டு, பிள்ளையுடன் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள்.

ரோல்ஸ் தின்றோம். யூட் பழைய பகிடிகளைச் சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு அவன் உன் புத்தகத்தைத் திறந்து, சுரங்கம் என்று வாசிக்கத் தொடங்கினான். இரண்டாவது வரியில் நின்றுவிட்டான். அவனுக்கும் அந்த நாள் மறக்கவில்லை.

"குடு. நான் நடத்திறன்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு நாளும் நடத்தியதில்லை, உனக்குத் தெரியும். விதிகளே எனக்கு நினைவில் நிற்பதில்லை. புத்தகத்தை மூடி வைத்தேன்.

"மலையும் இல்லை, கோட்டையும் இல்லை. ஒரு தென்னங்காணி. சித்திரை மாதம், காலமை பதினொரு மணி. பங்கருக்கு மேலை குற்றி அடுக்கி மண் மூட்டை போட்டிருக்கு. உள்ளுக்கை ஒன்பது பேர். யூட், நீ கடைக்கார ஐயா. உனக்குக் கால் ஏலாது. கிருஷாந்த், நீ அம்மா. உன்ரை மடியிலை எட்டு மாசப் பிள்ளை."

யூட் எழும்பினான். "நான் வெளியிலை நிக்கிறன்" என்றான்.

"இருங்கோ யூட் அண்ணை" என்றான் கிருஷாந்த். என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மேலை சப்பாத்துச் சத்தம். மண் கொட்டுது. பிள்ளை அழத் தொடங்குது. என்ன செய்யிறாய்?"

"பால் குடுக்கிறன்."

"குடிக்குதில்லை."

"ஆட்டுறன். தோளிலை போடுறன்."

"இன்னும் கத்துது. சப்பாத்து நிண்டிட்டுது. வாசலடியிலை இருக்கிற ஆள் சொல்லுறார், 'பிள்ளையோடை வெளியிலை போங்கோ தங்கச்சி, எங்களையும் சாகக் குடுக்காதேங்கோ.' மற்றவையும் ஓமெண்டினம்."

"ஆர் அந்த ஆள்?"

"பேர் தெரியாது. ஆனா அவர் முதல் ஆள் இல்லை."

அந்த இடத்தில் தண்ணீர் குடித்தேன். எழும்பிப் போய்விடலாம் என்றும் இருந்தது. கிருஷாந்த் காத்துக்கொண்டிருந்தான்.

"அவருக்கு முதல் ஒரு பிள்ளை சொன்னவள்" என்றேன். "எட்டு வயசு. உன்ரை சீலையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலை இருக்கிறாள். 'அம்மா, தம்பியை வெளியிலை வைச்சிட்டு வாங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு' எண்டு சொல்லுறாள். ரெண்டு தரம் சொல்லுறாள். அவள் சொன்ன பிறகுதான் மற்றவைக்கு வாய் வந்தது."

"அந்தப் பிள்ளையை ஆர் விளையாடுறது?"

"நான்."

கராஜுக்குள் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் இரைந்துகொண்டிருந்தது. கிருஷாந்த் பகடையை எடுத்தான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, உருட்டாமல் மேசையில் வைத்தான்.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் இன்னொரு நாள் தொடங்கியிருக்கமாட்டேன். "எல்லாரும் உன்னைப் பாக்கினம்" என்றேன். "நீ அம்மா. என்ன செய்யிறாய்?"

அவன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் பிள்ளையை வெளியிலை விடமாட்டன்."

"அப்ப பிள்ளை கத்துது."

"வாயைப் பொத்திறன்" என்றான். பிறகு, "வேறை என்ன செய்யிறது? விடாமல் வைச்சிருக்கிறதெண்டால் வேறை என்ன செய்யிறது?" அதையே டேனிஷில் இன்னொரு தடவை சொன்னான். அழுதான். யூட் அவன் முதுகில் கையை வைத்தான்.

மிச்சத்தையும் சொன்னேன். சப்பாத்துச் சத்தம் போன பிறகு அம்மா அவன் வாயோடு வாய் வைத்து ஊதியதை. செத்துப்போனான், விடு பிள்ளை என்று கடைக்கார ஐயா சொல்லியும் விடாமல் ஊதியதை. அவன் இருமினபோது அம்மா சத்தம் போட்டுச் சிரித்ததை.

கிருஷாந்த் முகத்தைத் துடைத்தான். "நீதான் முதல் சொன்னதெண்டு அம்மாவுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"அதுதான் அம்மா எனக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

"ஓம்."

"பதின்மூண்டு வருஷம் நான் அந்த மனுசியோடை சாப்பிடேல்லை" என்றான். "நீ பாத்துக்கொண்டு இருந்தனி."

ஜக்கெட்டை எடுத்துக்கொண்டு வீதிக்குப் போனான். நிலுஷாவின் கார் வரும்வரை அங்கேயே நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை.

சாரங்கி, அன்று உன் நிலவறையில் நான் தம்பிக்காகக் கத்தவில்லை. நீ அடுத்ததாக அந்தக் குழிக்குள் ஒரு சின்னப் பெட்டையைக் கொண்டுவந்து விடுவாயோ என்று பயந்தேன். உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் பயந்தேன். அதனால் முந்திக்கொண்டு அம்மாவைக் காட்டிக்கொடுத்தேன். பிறகு எல்லாப் பழியையும் உன் தலையில் கட்டினேன். உன் பங்கு உனக்கு இருக்கிறது. ஆனால் அது அவ்வளவு பெரிது இல்லை.

துஷாரா


ஹோர்சன்ஸ்
15.10.2025

துஷா,

கடிதத்தை வாசித்துவிட்டு வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன்.

ஒரு கேவலமான விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ நடத்திய விதத்தை வாசித்தபோது எனக்குப் பொறாமை வந்தது. இந்தப் புத்தி போகாது போலிருக்கிறது. சிரித்துவிட்டுப் போ.

எட்டு வயது, துஷா. உன் மகளுக்கு இப்போது என்ன வயது? அவள் பயத்தில் ஒன்று சொன்னால் எத்தனை வருடம் அவளைத் தண்டிப்பாய்? ஆனால் இருபத்துநாலு வயதில் நீ மறைத்ததற்கு நான் சமாதானம் சொல்ல வரவில்லை. அது வேறு. அதை நீதான் பார்க்கவேண்டும்.

கிருஷாந்த் நேற்று வந்தான். "உங்களுக்குத் தெரியுமோ?" என்று முதலில் கேட்டான். ஊகித்தேன், தெரியாது என்றேன். உன்மேல் நல்ல கோபத்தில் இருக்கிறான். "சின்னப் பிள்ளையா சொன்னதுக்கு இல்லை. பிறகு சும்மா இருந்ததுக்கு" என்றான். உன்னிடம் போ, கதை என்றெல்லாம் நான் சொல்லவில்லை. சொல்லத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

போகும்போது கதவடியில் நின்று, அம்மா இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டில்தானா என்று கேட்டான். ஓமென்று நினைக்கிறேன் என்றேன். அவ்வளவுதான்.

அவன் வந்தால் வரட்டும். வராவிட்டால் எனக்குச் சொல்.

சாரங்கி


சில்க்போர்க்
21.10.2025

சாரங்கி,

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் இதைத் தொலைபேசியில் சொல்ல வரவில்லை.

முதலில் அலுவல். யூட் கேட்கிறான், நவம்பர் 15, சனிக்கிழமை. புதுக் கதையாம், மலையும் கோட்டையும் உள்ளது. நீ நடத்து. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு மேசையில் உனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட முடியும். இப்போதைக்கு அதை வைத்துக்கொள். கிருஷாந்த் வருவானா என்று தெரியாது. யூட்டுக்கு "பாப்பம்" என்று சொல்லியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான்.

பின்னேரம் மூன்று மணி. அழைப்புமணி அடித்தது, நான் கதவைத் திறந்தேன். நிலுஷா சிரித்தாள். கிருஷாந்த் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனான். என்னுடன் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. போகும்வரைக்கும் கதைக்கவில்லை. இனி எப்போது கதைப்பான் என்று தெரியாது. கதைக்காமலும் விடலாம். விபோர்க்குக்குப் போகும்போதே அது எனக்குத் தெரியும்.

அம்மா சாய்மனைக் கதிரையில் இருந்தார். அவனைக் கண்டதும் எழும்பினார், பிறகு இருந்தார். ஓடிப்போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். வந்தவர் பிள்ளையை வாங்கவில்லை. கைகளைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு, "வடிவான பிள்ளை, வடிவான பிள்ளை" என்று தூரத்திலிருந்தே சொல்லிக்கொண்டு நின்றார்.

"இருங்கோம்மா" என்றான் கிருஷாந்த். அம்மா இருந்தார். பிள்ளையை அவர் மடியில் வைத்தான்.

புது முகம், புது வீடு. சியானா உதட்டைப் பிதுக்கினாள். பிறகு வீரிட்டு அழத் தொடங்கினாள். அம்மாவின் கைகள் மேலே எழும்பின. எழும்பி, பிள்ளையின் முகத்துக்குக் கிட்டப் போகாமல் அந்தரத்தில் நின்றன. கிருஷாந்த் பல்கனிப் பக்கம் திரும்பினான். நான் சமையலறைக் கதவடியில் நின்றேன். அவன் வெளியே போய்விடுவான் என்று நினைத்தேன்.

போகவில்லை. அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் குந்தினான். அந்தரத்தில் நின்ற கைகள் இரண்டையும் பிடித்தான்.

"அழட்டும் அம்மா" என்றான். "இஞ்சை ஒருத்தரும் இல்லை."

சியானா வீடு அதிர அழுதாள். மேல்மாடியில் இருக்கும் டேனிஷ்காரி ஒரு தடவை நிலத்தில் தட்டினாள். ஒருவரும் எழும்பவில்லை. பிள்ளை அழுது தானாகக் களைக்கும்வரை நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

துஷாரா